மெதுவாகச் சுழல்வதன் சிரமம்

நாற்பது டன் தூக்கும் டயர் கிரேன் ஒன்றில் நடக்கும் இரண்டு சுழற்சிகளை எடுத்துக்கொள்வோம். இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றுகிறது. கேபினையும், பாரம் தூக்கும் நீண்ட கையான பூமையும் சுமந்து திரும்பும் மேல்மேடையோ முழு வேகத்தில் போனாலும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்றுதான். பாரம் தொங்கும்போது அந்த வேகத்தையும் ஆபரேட்டர் எடுப்பதில்லை. இந்த இரண்டில் எதைத் தேயாமல் காப்பாற்றுவது கடினம்?

வேகமாகச் சுற்றுவதுதான் சீக்கிரம் தேயும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர் எதிரானது. கிராங்க் ஷாஃப்ட் தன்னைக் காக்கும் எண்ணெய்ப் படலத்தைத் தன் வேகத்தாலேயே உருவாக்கிக்கொள்கிறது. மேல்மேடைக்கு அந்த வேகம் கிடையாது. அதற்கான படலத்தை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து வைக்க வேண்டும். கிரேன் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் பராமரிப்பு அட்டவணை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

டவர் அடைத்த துளை

1880களின் தொடக்கத்தில் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக உராய்வுச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். ரயில் பெட்டியின் அச்சைப் போல ஒரு தண்டு. அதன் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். தண்டின் மேல் பித்தளைத் தாங்கி ஒன்று பாரத்தோடு அமர்ந்திருக்கும். மேலிருந்தும் எண்ணெய் விடலாம் என்று தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார் டவர். தண்டு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார். கட்டையையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. துளையில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. தாங்கியின் மீது இருந்த சராசரி அழுத்தம் 100 பவுண்டு மட்டுமே.

தண்டு தாங்கியைத் தொடவே இல்லை, இரண்டுக்கும் நடுவே எண்ணெய்தான் பாரத்தைச் சுமந்தது என்பது அப்போது தெரியவந்தது. டவரின் அறிக்கை 1883இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். தண்டுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள சந்து ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும், ஆப்பு வடிவில் இருக்கிறது. சுழலும் தண்டு எண்ணெயை இழுத்துக்கொண்டு அந்தக் குறுகலுக்குள் நுழைகிறது. வழி குறையக் குறைய அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் தண்டையும் தாங்கியையும் பிரித்துவைக்கிறது. இது நடக்க மூன்று தேவை: பாகுநிலை உள்ள ஒரு திரவம், குறுகிவரும் சந்து, போதிய வேகம்.

வேகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டின. வேகம் குறைந்துகொண்டே வரும்போது உராய்வும் முதலில் குறைகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் சட்டென்று ஏறிவிடுகிறது. படலம் மெலிந்து, இரண்டு உலோகப் பரப்புகளின் நுண்ணிய மேடுகளும் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் இடம் அது. கிரேனின் முக்கியமான மூட்டுகள் பெரும்பாலும் தங்கள் வாழ்நாள் முழுவதையும் அந்த எல்லைக்குக் கீழேயே கழிக்கின்றன.

கிரீஸ் கன் செய்யும் வேலை

பூமின் அடியில் இருக்கும் பின்னைப் பாருங்கள். பூம் படுத்த நிலையிலிருந்து ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிமிர்ந்தாலும் அந்தப் பின்னில் கால் சுற்றுகூட ஆகாது. நிமிர்ந்த பிறகு, பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். நிற்கும் நேரமெல்லாம் நடுவிலிருக்கும் எண்ணெய் பிதுங்கி வெளியேறிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் சிலிண்டரின் இரு முனைப் பின்கள், ஸ்டியரிங் கிங்பின், கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள உதவும் பேரிங் எல்லாம் இதே வகைதான்: மெதுவான அசைவு, பெரிய பாரம், நீண்ட நிற்பு.

இங்கே வெறும் எண்ணெய் ஊற்றினால் வழிந்து போய்விடும். அதனால்தான் கிரீஸ். அதன் பெரும்பகுதி எண்ணெய்தான். அந்த எண்ணெயைப் பிடித்துவைத்திருப்பது சோப்பு, பெரும்பாலும் லித்தியம் சோப்பு. சோப்பின் மெல்லிய இழைகள் பின்னிய வலைக்குள் எண்ணெய் தங்கியிருக்கும், அழுத்தம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கொடுக்கும். டப்பாவில் 'என்எல்ஜிஐ 2' என்று இருப்பது கிரீஸின் கெட்டித்தன்மை. 25 டிகிரி செல்சியஸில் ஒரு கூம்பை கிரீஸின் மேல் விட்டு, ஐந்து நொடியில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது 2ஆம் எண்.

பாரம் மிகுந்த மூட்டுகளில் சோப்பும் எண்ணெயும் மட்டும் போதாது. கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த கூட்டுப்பொருள்களைக் கலக்கிறார்கள். இரண்டு உலோக மேடுகள் உரசும் இடத்தில் ஒரு கணம் கடும் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் இப்பொருள்கள் இரும்போடு வினைபுரிந்து, எளிதில் வழுக்கும் மெல்லிய அடுக்கொன்றை உண்டாக்குகின்றன. தேய்வது அந்த அடுக்கு, இரும்பு தப்பிக்கிறது. டவரின் தண்டுக்கு வேகம் செய்துகொடுத்த வேலையை இங்கே வேதியியல் செய்கிறது. ஆனால் அந்த அடுக்கு தேயத் தேயப் புதிதாகப் பிறக்க வேண்டும், அதற்குப் புதிய கிரீஸ் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கிரீஸ் அடிப்பதிலும் நுணுக்கம் உண்டு. கிரீஸ் உள்ளே போகும் முனையான நிப்பிளை முதலில் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் கன்னை மாட்டினால் முனையில் ஒட்டியிருக்கும் மணல்தான் முதலில் உள்ளே போகும். பழைய, கறுத்த கிரீஸ் வெளியே வந்து, அதன் பின்னால் புதிய நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். அப்படிப் பிதுங்கி வருவது வீண் அல்ல. அது உள்ளிருக்கும் அழுக்கை வெளியே தள்ளுகிறது, விளிம்பில் வளையம்போல் நின்று புதுத் தூசியையும் தடுக்கிறது. எவ்வளவு அடித்தாலும் எதுவும் வெளியே வரவில்லை என்றால் உள்ளே வழி அடைத்திருக்கலாம். பாரத்தை வாங்கும் பக்கத்தில் சந்தே இல்லாததாலும் கிரீஸ் ஏறாமல் போகும். பூமைத் தாங்கியில் படுக்கவைத்து அல்லது பாரம் இல்லாமல் சற்று அசைத்து அடித்தால் வழி திறக்கும்.

மேல்மேடையைத் தாங்கும் ஸ்லூ ரிங் ஒரு பிரம்மாண்டமான பால் பேரிங். ஒரு நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் அதன் அருகிலுள்ள குண்டுகளுக்கு மட்டுமே எட்டும். ஆகவே சிறிது அடித்து, மேடையைச் சிறிது திருப்பி, மறுபடி அடித்து, சுற்று முழுவதும் கிரீஸைப் பரப்ப வேண்டும். திருப்பும்போது அடிப்பவர் விலகி நிற்க வேண்டும். திருப்புபவரும் அடிப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி இருந்தால்தான் இந்த வேலையைத் தொடங்கலாம்.

சுற்றாமல் நிற்பதும் இந்த பேரிங்குக்கு ஆபத்துதான். 1930களில் அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகளில், குண்டுகள் நின்ற இடத்திலெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. கார் ஒரு மைல்கூட ஓடியிருக்கவில்லை. ரயிலின் அதிர்வில் குண்டுகள் அதே இடத்தில் நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் உரசியிருக்கின்றன. அந்த அசைவு மிகச் சிறியது என்பதால், பிதுங்கிப்போன கிரீஸ் திரும்பி வரவே இல்லை. மேல்மேடையைப் பூட்டிவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையில் ஓடிவரும் கிரேனின் ஸ்லூ ரிங்குக்கும் இதே நிலைதான். தளத்துக்கு வந்ததும் வேலை தொடங்குமுன் கிரீஸைப் புதுப்பித்துப் பாரமில்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றவிடுவது நல்ல பழக்கம்.

இருக்கிற கிரீஸ் எதுவானாலும் பரவாயில்லை என்பது தவறான சிக்கனம். லித்தியம் கிரீஸோடு களிமண் அடிப்படையிலான கிரீஸ் கலந்தால், சோப்பு வலை சிதைந்து கிரீஸ் முழுவதும் இளகி ஒழுகிவிடக்கூடும். வகையை மாற்றுவதென்றால் பழையதை முற்றிலும் வெளியேற்றிவிட்டே மாற்ற வேண்டும்.

பூம் ஏன் முனகுகிறது

பூமை நீட்டும்போது சில கிரேன்கள் முனகும். சீராக நீளாமல் விட்டுவிட்டுத் துள்ளும். சிலிண்டர் கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம் முதலில் வரும். பல நேரம் குற்றவாளி, ஒரு பூமுக்குள் இன்னொன்று வழுக்கிச் செல்லும் நைலான் பட்டைகளில் கிரீஸ் இல்லாமைதான்.

நிற்கும் பொருளைக் கிளப்ப வேண்டிய விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையான விசையைவிட அதிகம். சிலிண்டர் தள்ளுகிறது, பூம் அசையவில்லை, விசை சேர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் பூம் சட்டென்று விடுபட்டு முன்னே பாய்கிறது. பாய்ந்ததும் விசை தளர்கிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நொடிக்குப் பல முறை இது நடந்தால் காதுக்கு முனகலாகக் கேட்கும். ஸ்ட்ரிபெக் கண்ட அதே மெதுவேகப் பகுதிதான் இது. பூமை முழுதாக நீட்டி, பட்டைகள் ஓடும் பாதை நெடுகப் பொருத்தமான கிரீஸைத் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கிரேனை ஊன்றி நிறுத்தும் கால்களான அவுட்ரிகர்களைப் போட்டு, பாரமில்லாமல், கையேடு அனுமதிக்கும் நிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

தூக்கவும் செய்கிற எண்ணெய்

கிரேனின் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு இரட்டை வேலை. உராய்வைக் குறைப்பதும் அதுதான், பாரத்தைத் தூக்குவதும் அதுதான். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் மேல் 250 பார் அழுத்தம் இருந்தால் கிடைக்கும் விசை ஏறக்குறைய 80 டன். 1846இல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாஸில் துறைமுகத்தில் நிறுவிய ஹைட்ராலிக் கிரேன் தண்ணீரில் ஓடியது. தண்ணீர் துருவை வளர்க்கும், குளிரில் உறையும், உலோகத்துக்கு நடுவே படலமாக நிற்காது. எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் உயர் அழுத்தப் பம்புகள் நீண்ட நாள் உழைக்கத் தொடங்கின.

பீப்பாயில் இருக்கும் விஜி 46 என்ற எண், 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுநிலை 46 சென்டிஸ்டோக் என்கிறது. தண்ணீருக்கு அறைவெப்பத்தில் அது ஒன்று. அதே விஜி 46 எண்ணெய் 100 டிகிரியில் ஏழுக்கு அருகே இறங்கிவிடும். சூடேற ஏற எண்ணெய் நீர்த்துப் படலமும் மெலிகிறது என்பதே இதன் பொருள். வெப்ப நாடுகளில் விஜி 68 வரை போவதுண்டு. எது பொருத்தம் என்பதைப் பம்பைச் செய்தவர் கையேட்டில் எழுதியிருப்பார்.

தொட்டியின் அளவைப் பார்க்கும்போது கிரேன் சமதளத்தில் நிற்க வேண்டும், பூம் சுருங்கிப் படுத்திருக்க வேண்டும், அவுட்ரிகர்கள் உள்ளே இருக்க வேண்டும். எல்லாம் நீண்டிருக்கும்போது தொட்டியின் எண்ணெயில் ஒரு பங்கு சிலிண்டர்களுக்குள் போயிருக்கும். கண்ணாடியில் குறைவாகத் தெரிகிறதே என்று அப்போது நிரப்பினால், சுருக்கும்போது அந்த எண்ணெய் திரும்பி வந்து பொங்கி வழியும்.

இன்னொரு விளைவு சற்று வினோதமானது. எண்ணெய் ஒரு டிகிரி குளிர்ந்தால் தன் கன அளவில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு சுருங்குகிறது. கேட்க அற்பமாக இருக்கும். நீட்டி நிறுத்திய சிலிண்டரில் 5 மீட்டர் நீள எண்ணெய் அடைபட்டிருக்கிறது, வேலை முடிந்து 70 டிகிரியிலிருந்து 40க்கு அது குளிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கசிவும் இல்லாமலே சிலிண்டர் 10 சென்டிமீட்டருக்கு மேல் உள்வாங்கும். பாரத்தைத் தொங்கவிட்டுவிட்டு ஆபரேட்டர் கேபினை விட்டுப் போகக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

தூசி, நீர், சூடு

பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் உள்ள சந்துகள் சில மைக்ரான் அளவே. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் தூசியை வடிகட்டி பிடித்துவிடும். தேய்ப்பது, அந்தச் சந்துக்குள் சரியாக நுழையக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத தூசி. ஐஎஸ்ஓ 4406 தரம் இதை எண்ணிக் குறிக்கிறது. 18/16/13 என்றால் ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 1,300க்கு மேல் 2,500 வரை, 6 மைக்ரானிலிருந்து 320க்கு மேல் 640 வரை, 14 மைக்ரானிலிருந்து 40க்கு மேல் 80 வரை. சீல் உடைக்காத புதுப் பீப்பாய் எண்ணெயே பல நேரம் இந்த அளவைவிட அழுக்காக இருக்கும். அதனால்தான் வாளியும் புனலும் கொண்டு ஊற்றாமல் வடிகட்டி வழியாக ஏற்றச் சொல்கிறார்கள்.

சிலிண்டர் நீளும்போது தொட்டியின் மட்டம் இறங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று பிரீதர் வழியாக உள்ளே வருகிறது. சிமென்ட் தூசி பறக்கும் கட்டுமானத் தளத்தில் அது சிமென்ட் காற்று, துறைமுகத்தில் உப்பும் ஈரமும் கலந்த காற்று. பிரீதர் அடைத்திருந்தாலும் கிழிந்திருந்தாலும் கேடுதான். ஈரம் எண்ணெயில் கரைந்து, அளவு மீறினால் எண்ணெய் பால்போல் கலங்கும். இரவில் கிரேன் ஓய்ந்து நிற்கும்போது அந்த நீர் அடியில் தங்கும். ஆகவே தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைச் சிறிது திறந்து நீரை வடிக்கச் சரியான நேரம், காலையில் இன்ஜினைப் போடுமுன். டீசல் வடிகட்டியின் நீர்க்கிண்ணத்துக்கும் இதே கணக்கு.

மூன்றாவது எதிரி சூடு. எண்ணெயின் வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. கூலரின் இடுக்குகளில் படியும் மண்ணைத் தட்டிவிடுவதுகூட எண்ணெயின் ஆயுளை நீட்டிக்கும் வேலைதான்.

குழாயில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித்துளை வழியாக 200 பாரில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரிடலாம். அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் தள்ளி நின்று ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள்.

இன்ஜினுக்கும் பலவீனமான நேரம் உண்டு

வேகமே காப்பாற்றுகிறது என்றோம். அப்படியானால் இன்ஜினுக்கு ஆபத்தான கணம், வேகம் இல்லாத முதல் சில நொடிகள். இரவில் எண்ணெய் வடிந்துபோயிருக்கும், பம்ப் அதை மேலே அனுப்புவதற்குள் தண்டு சுழன்றுவிடும். கிளப்பியவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சில நிமிடம் ஐடிலில் விடுவது இதற்காகத்தான். கிரேன் இன்ஜின் ஓடிய தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட முடியாது, நின்ற இடத்திலேயே நாளெல்லாம் உழைக்கும். அதனால் ஆயில் மாற்றும் கணக்கு மணிமீட்டரில்.

இன்ஜினின் கூலன்ட் பக்கத்திலும் ஒரு படலம் இருக்கிறது. டீசல் இன்ஜினின் சிலிண்டர் லைனர் ஒவ்வொரு வெடிப்புக்கும் அதிர்கிறது. அந்த அதிர்வில் வெளிப்பக்க நீரில் நுண்குமிழிகள் தோன்றி நொறுங்கி, இரும்பில் ஊசிக்குழிகளைப் போடுகின்றன. கூலன்ட்டில் உள்ள வேதிப்பொருள் லைனரின் மேல் காப்புப் படலம் ஒன்றை இடுகிறது, குமிழி அதைத்தான் தாக்கும். அளவு குறைந்ததே என்று போர் தண்ணீரை ஊற்றினால் காப்பு நீர்த்துப்போவதோடு உப்புப் படிந்து சூடும் வெளியேறாது.

கயிற்றுக்குள்ளே நடக்கும் உரசல்

1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் முதன்முதலாக இரும்புக் கம்பிகளை முறுக்கி வயர் ரோப் செய்தார். அதற்குமுன் இருந்த சங்கிலிகளில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போச்சு. கயிற்றில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து முன்கூட்டியே எச்சரிக்கும்.

அந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. கயிறு கப்பியில் வளையும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. வயர் ரோப் என்பது பார்வைக்குக் கயிறு, உள்ளே ஒரு நகரும் இயந்திரம். தயாரிக்கும்போது உள்ளே வைத்த மசகு கயிற்றின் ஆயுள் முழுவதும் போதாது. அது தீர்ந்ததும் உரசலும் துருவும் உள்ளிருந்து தொடங்கும், வெளிப்பக்கம் நன்றாகவே தெரியும். முதலில் பிரஷ்ஷால் பழைய அழுக்கை நீக்கி, உள்ளே ஊடுருவும் மசகை, கயிறு வளைந்து புரிகள் சற்றே விரியும் இடத்தில் விட வேண்டும். இன்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைத் தடவும் வழக்கம் கயிற்றுக்கு நல்லதல்ல. அதில் அமிலமும் உலோகத் துகளும் இருக்கின்றன. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, கழிவு எண்ணெய் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும்.

விஞ்சின் கியர் பெட்டியில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. பல விஞ்சுகளில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் முங்கியிருக்கும். பற்சக்கரத்துக்கு வழுக்க வேண்டும், பிரேக்குக்குப் பிடிக்க வேண்டும். இரண்டையும் நிறைவேற்றும்படி தேர்ந்தெடுத்த எண்ணெய்க்குப் பதிலாக வேறொன்றை ஊற்றினால் பிரேக் வழுக்கலாம்.

விளக்கு இல்லாத இடங்கள்

எண்ணெய் மாற்றும்போது ஒரு சிறு புட்டி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இயந்திரத்தைத் திறக்காமலே உள்ளே நடப்பதை அறியலாம். சிலிக்கன் ஏறியிருந்தால் தூசி நுழைகிறது. செம்பு ஏறியிருந்தால் புஷ் தேய்கிறது. இன்ஜின் ஆயிலில் சோடியம் தெரிந்தால் கூலன்ட் கசிந்து கலந்திருக்கலாம். 1940களில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் டீசல் இன்ஜின்களுக்குத் தொடங்கிய முறை இது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே பிரிட்டனின் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு 1966இல் அந்நாட்டு அரசுக்குக் கணக்குக் கொடுத்தது.

இப்போது அட்டவணையை மறுபடி பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பல கையேடுகளில் ஹைட்ராலிக் எண்ணெய் மாற்றம் 1,000 மணிக்கு மேல். இன்ஜின் ஆயில் 250 அல்லது 500 மணிக்கு ஒருமுறை. பின்களுக்கும் மூட்டுகளுக்கும் கிரீஸ் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஈரத்திலும் சேற்றிலும் வேலை என்றால் இன்னும் அடிக்கடி. மிக மெதுவாக அசைபவற்றுக்குத்தான் மிகக் குறுகிய தவணை.

இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். சூடேறினால் முள் நகரும். பல கிரேன்களில் ஹைட்ராலிக் வடிகட்டி அடைத்தாலும் காட்டிக்கொடுக்க ஒரு குறிப்பான் இருக்கிறது. பூமின் அடிப்பின்னுக்கு அப்படி எதுவும் கிடையாது. அது வறண்டிருக்கிறதா என்று சொல்லும் ஒரே கருவி, பராமரிப்புத் தாளில் வாரம் ஒருமுறை யாரோ போடும் டிக். கிரீஸ் அடிக்காமலே டிக் போட்டிருந்தால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டர் அந்தத் தாளை நம்பித்தான் பாரத்தைத் தூக்குவார்.